கரியின் மேல் கரி: வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன் தாம் செலவாகாமல் வினையின் வேகத்தைக் கூட்டும் வினையூக்கிகளைப் பற்றி எழுதியபோது, உலோகத் துகளின் மேல் கரி படிந்துவிட்டால் அதன் வேலை நின்றுபோகும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காவிரிப் படுகையின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆய்வு மாணவர்களோடு அரிசி ஆலைக்காரர் ஒருவரும் விளக்கு வார்ப்பவர் ஒருவரும் எழுதியிருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் கரிக்கே ஒதுக்கிவிட்டேன். ஆய்வகங்களில் 'கோக்' என்று சொல்லப்படுவதையே இங்கே கரிப்படிவு என்று எழுதுகிறேன். உலோகத் துகள்களைச் சுமக்கும் பொருளைத் தாங்கி என்கிறேன்; கார்பன் நானோகுழாய் என்பது கார்பன் அணுக்களின் ஏடு சுருண்டதுபோன்ற மிக நுண்ணிய குழாய். எழுதியவர்களின் பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

முதுகலை வேதியியல் மாணவி, திருவாரூர்: ஐயா, கார்பன் நானோகுழாய்களின் மேல் நிக்கலை ஏற்றி, ஹைட்ரஜனோடு டொலுவீன் ஆவியைச் செலுத்தி ஆய்வு செய்கிறோம். சில மணி நேரத்தில் வினையின் வேகம் விழுந்துவிடுகிறது. கரி படிகிறது என்கிறார் எங்கள் நெறியாளர். நிக்கலுக்குப் பதிலாக வேறு உலோகத்தை வைத்தால் கரி படியாதா? இதில் உலோகத்தின் பங்கு உண்மையில் என்ன?

டொலுவீன் என்பது மெத்தில் தொகுதி ஒட்டிய பென்சீன் வளையம். அதனோடு வினைபுரியும் திறமுள்ள எந்த உலோகத்தின் மேலும் ஓரளவு கரி படியவே செய்யும். வந்து சேரும் கார்பனை வந்த வேகத்திலேயே அப்புறப்படுத்துகிறதா, அதிலேயே மூழ்கிப்போகிறதா என்பதில்தான் உலோகத்துக்கு உலோகம் வேறுபாடு. நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, வடிகாலும் அவ்வளவு முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் தூர்ந்து கிடந்தால் நட்ட பயிர் அழுகிப்போகிறது. உங்கள் நிக்கல் துகள் ஒவ்வொன்றும் அப்படியொரு வயல். அதற்கு வாய்க்காலும் வடிகாலும் ஒரே உலோகப் பரப்புதான் என்பதே இதில் உள்ள சிக்கல்.

முதலில் வரத்தைப் பார்ப்போம். பென்சீன் வளையம் எளிதில் உடையாது. ஆறு கார்பன்களும் எலக்ட்ரான்களைப் பொதுவில் பகிர்ந்துகொள்வதால் அதற்கு மோலுக்குச் சுமார் 150 கிலோஜூல் அளவுக்குக் கூடுதல் நிலைத்தன்மை கிடைக்கிறது. ஆனால் உடையாத அந்த வளையம் பக்கத்து வளையத்தோடு ஒட்டிக்கொள்ளத் தயங்குவதில்லை. சூடான பரப்பின் மேல் தட்டையாகப் படுக்கும் வளையம் விளிம்பிலுள்ள ஹைட்ரஜனை இழக்கிறது, இழந்த இடத்தில் இன்னொரு வளையம் வந்து சேர்கிறது, இப்படியே அது பெருகிக்கொண்டு போகிறது. ஒரு கார்பனுக்கு எத்தனை ஹைட்ரஜன் என்று கணக்கிட்டால் இந்தப் பயணம் தெளிவாகத் தெரியும்: பென்சீனில் 1, நாப்தலீனில் 0.8, நான்கு வளையங்கள் கொண்ட பைரீனில் 0.63, ஏழு வளையங்கள் கொண்ட கொரோனீனில் 0.5. அதற்கு மேலும் குறைந்துகொண்டே போனால் ஆவியாகவும் மாட்டாத, கரைப்பானில் கரையவும் மாட்டாத கரிப்படிவில் போய் முடிகிறது. டொலுவீனில் ஒட்டியிருக்கும் மெத்தில் தொகுதி எளிதில் ஹைட்ரஜனை இழக்கும் என்பதால் அது இந்தச் சங்கிலிக்குக் கூடுதலாக ஒரு கைப்பிடியைத் தருகிறது.

அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) போன்ற தாங்கிகளில் இந்த ஒட்டும் வேலையின் பெரும்பகுதியைத் தாங்கியின் அமிலத் தன்மையே செய்துவிடுகிறது. நானோகுழாயின் சுவரில் அத்தகைய வலுவான அமில இடங்கள் இல்லை. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் குழாய்களுக்கு இடையிலுள்ள வழிகளும் அகலமானவை, எளிதில் அடைபடுவதில்லை. ஆகவே அமிலத்தால் வரும் கரி இங்கே குறைவு. அதே சமயம் குழாயின் சுவரும் அறுகோண வளையங்களால் ஆனது என்பதை மறந்துவிடக் கூடாது. பென்சீன் வளையம் கொண்ட அரோமேட்டிக் மூலக்கூறுகள் அதன் மேல் அட்டையின் மேல் அட்டை அடுக்குவதுபோல ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன. வெப்பம் குறைவாக இருந்தால் பெரிய வளையக் கூட்டங்கள் அங்கேயே தங்கிவிடவும் கூடும்.

இனி உலோகம். இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: அவை ஹைட்ரோகார்பனைச் சிதைத்து, வெளிவரும் கார்பனைத் தமக்குள்ளேயே கரைத்துக்கொள்கின்றன. இரும்பு ஒரு படி மேலே போய்க் கார்பைடாகவே மாறிவிடுகிறது. கரைந்த கார்பன் துகளின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊடுருவி, அங்கே கிராஃபைட் அடுக்குகளாக வெளியேறுகிறது. வெளியேறும் கார்பன் இழையாக நீண்டு, பல சமயங்களில் துகளையே தாங்கியிலிருந்து பெயர்த்துத் தன் நுனியில் தூக்கிக்கொண்டு வளரும். ஆர்.டி.கே. பேக்கரும் அவருடைய சகாக்களும் 1972இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உள்ளேயே வாயுவைச் செலுத்தி, நிக்கல் துகள்கள் இப்படி இழை நூற்பதை நேரிலேயே பார்த்தார்கள். உங்கள் ஆய்வில் நடப்பதும் இதுவென்றால், நானோகுழாயின் மேல் புதிய நானோகுழாய்கள் முளைத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்றைச் சொல்கிறேன். கரியின் எடை கூடுவதும் வினை நின்றுபோவதும் ஒன்றல்ல. இழையாக வளரும் கரி எவ்வளவு மிகுந்தாலும் நிக்கலின் முகம் வாயுவைப் பார்த்தபடியே இருப்பதால் வினை நடந்துகொண்டிருக்கும்; குழாய் அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறும்போதுதான் தொல்லை தெரியவரும். மாறாக, துகளைச் சுற்றி நான்கைந்து அடுக்குகள் மட்டுமே கொண்ட மெல்லிய உறை மூடிக்கொண்டாலும் வினை செத்துவிடும். தராசில் எடை ஏறியதே தெரியாது. இவற்றில் எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது, கார்பன் மேற்பரப்பில் வந்து விழும் வேகத்துக்கும் துகளுக்குள் ஊடுருவிப் போகும் வேகத்துக்கும் உள்ள உறவுதான். தட்டையாகப் படுத்துப் பரப்பை மறைத்துக்கொள்ளும் அரோமேட்டிக் மூலக்கூறுகள் இந்த உறை போடும் வேலையில் கெட்டிக்காரர்கள். நிக்கலைப் பொறுத்தவரை சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிசின்போன்ற உறையும், அதற்கு மேலே இழைகளும், 600 டிகிரியைத் தாண்டியபின் வாயுவிலேயே உருவாகி வந்து படியும் கரியும் மேலோங்கும் என்று கொள்ளலாம். நீங்கள் வெப்பநிலையை எழுதவில்லை. எடை கூடாமல் வேகம் மட்டும் விழுகிறது என்றால் உறையைச் சந்தேகிக்க வேண்டும்.

பிளாட்டினம், பல்லேடியம், ருத்தேனியம் ஆகியவை வேறு குணம் கொண்டவை. கார்பனை உள்ளே வாங்கிக் குழாயாக நூற்பதில் இவை நிக்கலுக்கு ஈடாகா. ஹைட்ரஜன் மூலக்கூறை அணுக்களாகப் பிளந்து, பாதி கரியாகிக்கொண்டிருக்கும் வளையங்களுக்குத் திருப்பிக் கொடுத்து, அவற்றை மறுபடி ஆவியாகப் போகச் செய்வதில் இவை வல்லவை. பிளந்த ஹைட்ரஜன் அணுக்கள் உலோகத்தோடு நின்றுவிடாமல் தாங்கியின் மேலும் வழிந்து பரவும் என்பது தெரிந்த செய்தி. வடிகால் என்று நான் சொன்னது இதைத்தான். ஆனால் ஹைட்ரஜன் போதாமல் போனால் இதே பிளாட்டினம் வளையங்களின் ஹைட்ரஜனைப் பிடுங்கிக் கரியாக்கவும் செய்யும். மெத்தில்சைக்ளோஹெக்சேன் என்ற நீர்மத்தில் அதன் எடையில் சுமார் 6 விழுக்காடு ஹைட்ரஜனை ஏற்றிக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் டொலுவீனாக மாற்றி ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் முறையில் பிளாட்டினத்தைப் பயன்படுத்துவோருக்கு இந்த இரட்டைக் குணம் நாள்தோறும் படும் பாடு.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: உலோகத்தை மாற்றுவதற்கு முன் நிக்கலின் அளவைக் குறைத்துத் துகள்களைச் சிறிதாக்கிப் பாருங்கள். கரியின் முதல் முளை தோன்றுவதற்கு அடுத்தடுத்துப் பல நிக்கல் அணுக்கள் வேண்டும். சில நானோமீட்டர் அளவேயுள்ள துகள்களில் அத்தகைய விசாலமான இடம் குறைவு. குழாய்களை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சிக் கார்பாக்சில் தொகுதிகளை உண்டாக்கினால் துகள்கள் அங்கே நங்கூரமிட்டு நிற்கும், ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கா. அடுத்து, ஹைட்ரஜனின் விகிதத்தைக் கூட்டலாம். ஆனால் வெப்பநிலை அதிகமானால் நிக்கல் அந்த ஹைட்ரஜனைக் கொண்டு தாங்கியையே மீத்தேனாக்கித் தின்னத் தொடங்கிவிடும். கரியை விரட்ட வந்த ஹைட்ரஜனுக்குக் கரிப்படிவு எது, குழாய் எது என்று தெரியாதல்லவா!

விளக்கு வார்ப்பவர், நாச்சியார்கோவில்: இரும்பிலும் நிக்கலிலும் கரிக்குழாய் வளரும் என்கிறார்களே, எங்கள் செம்பிலும் பித்தளையிலும் வளராதா?

வளர்ப்பது கடினம். காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது: செம்பு கார்பனைத் தனக்குள் ஏறக்குறையக் கரைத்துக்கொள்வதே இல்லை. இதையே ஒரு வரமாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. 2009இல் அமெரிக்காவின் டெக்சாஸில் செம்புத் தகட்டைச் சூடாக்கி அதன் மேல் மீத்தேனைச் செலுத்தியபோது, பெரும்பகுதி ஒரே ஓர் அணு தடிமனில் கார்பன் ஏடு படர்ந்து அதோடு நின்றுகொண்டது. உள்ளே வாங்கி வைத்து வெளியே தள்ளும் பழக்கம் செம்புக்கு இல்லாததால், பரப்பு மூடியவுடன் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவதை நீங்கள் அறிவீர்கள். புளிக்குழம்பு பித்தளையைத் தொடாமல் ஒரு மெல்லிய வெள்ளீயப் பூச்சு காக்கிறது. வினையூக்கிக்காரர்களும் நிக்கலுக்கும் பிளாட்டினத்துக்கும் இதே வெள்ளீயத்தையும், சில சமயம் செம்பையும் தங்கத்தையும் சேர்க்கிறார்கள். ஒரு வேறுபாடு: பாத்திரத்தில் பூச்சு முழுதாக மூட வேண்டும், இங்கே முழுதாக மூடினால் வினையே நடக்காது. நிக்கல் அணுக்களுக்கு இடையிடையே வெள்ளீய அணுக்கள் போய் அமர்ந்து, கரி முளைக்கத் தேவையான பெரிய கூட்டங்களைக் கலைத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு நிக்கல் அணுக்கள் இருந்தாலே நடக்கக்கூடிய, நமக்கு வேண்டிய வினை மட்டும் தொடர வேண்டும். 1998இல் டென்மார்க் ஆய்வாளர்கள் நிக்கலின் பரப்பில் மிகச் சிறிதளவு தங்கத்தைக் கலந்து, நீராவியோடு ஹைட்ரோகார்பனை வினைபுரியச் செய்யும்போது கரி படிவது வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள். வினையின் வேகமும் ஓரளவு குறையத்தான் செய்யும். கரிக்குப் பயந்து வேகத்தை விட்டுக்கொடுப்பதில் எவ்வளவு வரை போகலாம் என்பது உங்கள் வார்ப்பில் கலவை விகிதம் பார்ப்பதுபோலக் கை பழக வேண்டிய காரியம்.

ஆய்வக உதவியாளர், தஞ்சாவூர்: நூற்றுக்கு 10 பங்கு நிக்கல் கொண்ட நானோகுழாய் வினையூக்கியை டிஜிஏ என்னும் வெப்ப எடையறி கருவியில் காற்றில் எரித்தேன். புதிய வினையூக்கி 87.3 விழுக்காடு எடை இழந்தது, பயன்படுத்தியது 89.4 விழுக்காடு இழந்தது. வித்தியாசம் 2.1 என்பதால் கரிப்படிவு 2 விழுக்காடு என்று அறிக்கையில் எழுதலாமா?

எழுதவே கூடாது. அலுமினாத் தாங்கிக்குச் சரியாக வரும் இந்தக் கழித்தல் கார்பன் தாங்கிக்குப் பொருந்தாது. அலுமினா எரியாது, ஆகவே எரிந்ததெல்லாம் கரி என்று கொள்ளலாம். உங்கள் மாதிரியில் கரிப்படிவும் எரிகிறது, குழாயும் எரிகிறது. எரியாமல் எஞ்சுவது நிக்கல் ஒன்றுதான். ஆகவே அதையே சாட்சியாக வைத்துக் கணக்கிட வேண்டும்.

குழம்பில் போட்ட உப்பு அப்படியே இருக்கத் தண்ணீர் மட்டும் கூடினால், உப்பு எவ்வளவு சப்பிட்டது என்பதைக் கொண்டே எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதேபோல, 100 மில்லிகிராம் புதிய வினையூக்கியிலுள்ள 10 மில்லிகிராம் நிக்கல், காற்றில் எரிந்தபின் நிக்கல் ஆக்சைடாகி 12.7 மில்லிகிராம் ஆகிறது. உங்கள் முதல் அளவு இதோடு அப்படியே ஒத்துப்போகிறது, பாராட்டுகள். பயன்படுத்திய 100 மில்லிகிராமில் எஞ்சியது 10.6 மட்டுமே. அப்படியானால் அந்த 100 மில்லிகிராமுக்குள் இருந்த பழைய வினையூக்கி 10.6ஐ 12.7ஆல் வகுத்து வரும் அளவு, அதாவது ஏறத்தாழ 83 மில்லிகிராம். மீதி 17 மில்லிகிராம் வந்து படிந்த கரி. புதிய வினையூக்கியின் எடையை அடிப்படையாக வைத்துச் சொன்னால் 100 பங்குக்கு 20 பங்கு. நீங்கள் எழுதவிருந்த 2 எங்கே, இந்த 20 எங்கே!

இந்தக் கணக்குக்கும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. நிக்கல் துகள்கள் வினையின்போது உதிர்ந்து வெளியேறியிருக்கக் கூடாது. இரண்டு மாதிரிகளிலும் நிக்கல் ஒரே நிலையில், அதாவது ஆக்சைடாக அல்லாமல் உலோகமாகவே, கருவிக்குள் போயிருக்க வேண்டும். ஹைட்ரஜன் குழாயைக் கொஞ்சம் மீத்தேனாக்கியிருந்தால் 17 என்பது வந்த கரியிலிருந்து போன குழாயைக் கழித்த நிகர அளவு மட்டுமே. வெளியேறும் வாயுவில் மீத்தேனை அளந்து வைப்பது இதனால்தான் முக்கியம்.

எரியும் வெப்பநிலையை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று பல அறிக்கைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தூய நானோகுழாய் காற்றில் பெரும்பாலும் 500 முதல் 600 டிகிரியில் எரியத் தொடங்கும் என்றாலும், உலோகம் அதன் மேல் அமர்ந்தால் நூறு டிகிரிக்கு மேலும் முன்னதாகவே பற்றிக்கொள்ளும். உலோகத்துக்குப் பக்கத்திலுள்ள கரிப்படிவு குறைந்த வெப்பத்திலும், தள்ளிக் கிடப்பது கூடிய வெப்பத்திலும் எரியும். இப்படி ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் முகடுகளைக் கோடு போட்டுப் பிரிப்பது ஜோசியத்துக்குப் பக்கத்தில் போய்விடும். அதைவிட, முதலில் கரைப்பானில் காய்ச்சி மென்மையான கரியைப் பிரித்தெடுத்து அதிலுள்ள மூலக்கூறுகளைப் பாருங்கள். பைரீன்போன்ற வளையக் கூட்டங்கள் அதில் கிடைக்கும். ஒளி சிதறுவதைப் பதிவுசெய்யும் ராமன் நிறமாலையில், சென்டிமீட்டருக்கு 1350, 1580 அலைகள் என்ற அளவுகளுக்கு அருகே வரும் இரண்டு பட்டைகளை ஒப்பிட்டால் ஒழுங்கற்ற கார்பன் கூடியதா என்று தெரியும். ஆனால் அதுவும் எடையைச் சொல்லாது. வசதியுள்ள ஆய்வகமாக இருந்தால் கார்பனின் சற்றே கனமான வகையான கார்பன்-13 சேர்ந்த டொலுவீனைச் செலுத்துவதே ஐயத்துக்கு இடமில்லாத வழி. வந்த கார்பனுக்கும் இருந்த கார்பனுக்கும் அப்போது அடையாளமே வேறாகிவிடும்.

ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர், நாகப்பட்டினம்: 1993இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்த காலத்திலிருந்து எண்ணெய்த் தொழிலைப் பார்த்துவருகிறேன். கரியை எரித்து வினையூக்கியைப் புதுப்பிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நானோகுழாய் அவ்வளவு நல்லது என்றால் சுத்திகரிப்பு ஆலைகள் ஏன் அதற்கு மாறவில்லை?

உங்கள் கேள்வியின் முதல் பாதியிலேயே பதிலும் இருக்கிறது. பெட்ரோலின் தரத்தை உயர்த்தும் 'ரிஃபார்மிங்' முறையில் குளோரின் ஏற்றிய அலுமினாவின் மேல் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவான பிளாட்டினத்தை வைத்து, சுமார் 500 டிகிரியில் நாஃப்தா என்ற இலகுவான எண்ணெய்ப் பகுதியை அரோமேட்டிக் சேர்மங்களாக மாற்றுகிறார்கள். கரி படியும்; படிந்தபின் ஆக்சிஜன் குறைந்த வாயுவை மெல்லச் செலுத்தி அதை எரித்துவிட்டு, பிளாட்டினத்தை மறுபடி பரப்பி, திரும்ப வேலைக்கு விடுவார்கள். 1960களின் இறுதியில் பிளாட்டினத்தோடு ரெனியத்தைச் சேர்த்தபோது ஒரு புதுப்பித்தலுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள காலம் நீண்டது. வெள்ளீயம் சேர்ந்த வகை இன்று தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே ஓடும் ஆலைகளில் இருக்கிறது. கனமான எண்ணெயை உடைக்கும் அலகிலோ, கரியை எரிக்கும்போது வரும் வெப்பமே அடுத்த சுற்று வினைக்கு எரிபொருள். அங்கே கரி தொல்லை மட்டுமல்ல, அடுப்புக்கு விறகும் அதுதான்.

இந்த வாழ்க்கை முறை முழுவதும் தாங்கி எரியாது என்ற ஒன்றை நம்பி நிற்கிறது. நானோகுழாயை அதே உலைக்குள் அனுப்பினால் ஒருமுறை புதுப்பிப்பதற்குள் தாங்கியும் புகையாகிப்போய், உலோகம் அடியில் குவிந்து கிடக்கும். ஆகவே நானோகுழாய்த் தாங்கிக்குப் பொருத்தமான இடம், ஹைட்ரஜன் தாராளமாக உள்ள, வெப்பம் குறைந்த, கரி படிந்தாலும் கரைப்பானாலோ ஹைட்ரஜனாலோ கழுவிவிடக்கூடிய வினைகள்தாம். நுண்மையான மருந்து வேதியியல் வினைகளுக்கு ஒத்துவரும். நாஃப்தாவை நாளெல்லாம் ஓட்டும் ஆலைக்கு ஒத்துவராது என்பதே என் கருத்து.

எட்டாம் வகுப்பு மாணவனின் தாய், மயிலாடுதுறை: விளக்கெண்ணெய்த் தீபத்தின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை எடுக்கிறோம். அதில் நானோகுழாய் இருக்குமா என்று என் மகன் கேட்கிறான். கீழடிப் பானையில்கூட இருந்ததாமே?

மை பெரும்பாலும் உருண்டையான நுண்துகள்களின் கோவை, குழாய் அல்ல. ஆனாலும் உங்கள் மகன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். சுடருக்குள் எண்ணெய் சிதைந்து, சிறு துண்டுகள் சேர்ந்து பென்சீன் வளையமாகி, வளையங்கள் சேர்ந்து பெரிதாகிக் கடைசியில் மைத்துகளாவதும், மேலே சொன்ன கரிப்படிவு உருவாவதும் ஏறக்குறைய ஒரே பாதை. பாதை பிரியும் இடத்தில் உலோகம் நிற்கிறது. இரும்புத் துகள் ஒன்று அங்கே இருந்தால் அதே பென்சீன் குழாயாக நூற்கப்படும். மொரினோபு எண்டோவும் பிரான்சிலிருந்த அவருடைய சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார்கள்: இரும்புத் துகள்களின் மேல் சுமார் 1100 டிகிரியில் பென்சீன் ஆவியைச் செலுத்தி, உள்ளீடற்ற கார்பன் இழைகளைப் பெற்றார்கள். அதற்கும் முன் 1952இலேயே ராதுஷ்கெவிச், லுக்யானோவிச் என்ற இரண்டு சோவியத் ஆய்வாளர்கள் இத்தகைய குழாய்களின் படங்களை ரஷ்ய மொழி இதழொன்றில் வெளியிட்டிருந்தார்கள். உலகத்தின் கவனத்தை ஈர்த்தது 1991இல் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரை. நம் நாட்டிலும் பெங்களூரில் சி.என்.ஆர். ராவ் குழுவினர் இரும்பைத் தன்னுள் கொண்ட ஃபெரோசீன் என்ற சேர்மத்தைச் சிதைத்து நானோகுழாய்களை வளர்த்திருக்கிறார்கள்.

கீழடியைப் பற்றி மகன் சொன்னதும் உண்மையே. அங்கே கிடைத்த பானை ஓடுகளின் கரிய உட்பூச்சில் நானோகுழாய்கள் இருப்பதாக 2020இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அந்தக் குயவர்கள் அறிந்து செய்தார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சூளையின் வெப்பத்தில் தற்செயலாக விளைந்திருக்கலாம்.

முனைவர் பட்ட ஆய்வாளர், சிதம்பரம்: உலோகத்தைக் குழாயின் வெளிச்சுவரில் வைப்பதற்கும் உள்ளே வைப்பதற்கும் கரி படிவதில் வேறுபாடு உண்டா?

உண்டு. சுவர் வளைந்திருப்பதால் எலக்ட்ரான் அடர்த்தி உட்புறத்தில் குறைந்தும் வெளிப்புறத்தில் மிகுந்தும் இருக்கிறது. இதனால் உள்ளேயுள்ள உலோக ஆக்சைடுகள் எளிதில் உலோகமாகக் குறைகின்றன. சீனாவின் டாலியனில் பாவ் சின்ஹே குழுவினர் 2007இல் ரோடியத்தை உள்ளே வைத்து, கார்பன் மோனாக்சைடிலிருந்து எத்தனால் கிடைக்கும் அளவு வெளியே வைத்ததைவிடப் பெருமளவு கூடுவதைக் காட்டினார்கள். உள்ளே இருக்கும் துகளால் குழாயின் விட்டத்துக்கு மேல் பருக்க முடியாது. இழை வளர்க்கவும் இடம் போதாது. ஆனால் அரோமேட்டிக் மூலக்கூறுகளுக்கு இது இருபுறமும் வெட்டும் கத்தி: விட்டம் மிகக் குறுகியிருந்தால் நாப்தலீன் உள்ளே போகும், இரண்டு மூன்று நாப்தலீன்கள் சேர்ந்தது வெளியே வராது. ஒரு முனை அடைபட்டால் உள்ளேயுள்ள உலோகம் முழுவதும் வீண். பல சுவர்களும் அகன்ற வாயும் கொண்ட குழாய்களையே தேர்ந்தெடுங்கள்.

கரிப்படிவைப் பகை என்று மட்டும் எண்ணாமல் இருக்க ஒரு செய்தி. எத்தில்பென்சீனை ஆக்சிஜனோடு சேர்த்து ஸ்டைரீனாக மாற்றும் ஆய்வுகளில், தொடக்கத்தில் மந்தமாக இருந்த அலுமினா போகப் போக வேகம் பெறுவது 1970களின் இறுதியிலிருந்து கவனிக்கப்பட்டது. வேலை செய்தது அலுமினா அல்ல, அதன் மேல் படிந்த கரிதான் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கரியின் விளிம்பிலிருந்த கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளே வினை நடந்த இடம். உலோகம் எதுவும் ஏற்றாத நானோகுழாயையே இதே வினைக்கு வினையூக்கியாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் அந்த வழியில் வந்தவைதாம்.

அரிசி ஆலை நடத்துபவர், மன்னார்குடி: ஐயா, உமியை வாயுவாக்கி இன்ஜின் ஓட்ட ஒரு கலன் வைத்திருக்கிறோம். தார் கட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை இன்ஜினைக் கழற்ற வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதும் இந்த நானோகுழாய் வினையூக்கியை வைத்தால் தீருமா?

தீராது, பணத்தையும் வீணாக்க வேண்டாம். உங்கள் தார் என்பது இதுவரை பேசிய அதே கூட்டம்தான்: பென்சீன், டொலுவீன், நாப்தலீன், பினால், அவற்றைவிடப் பெரிய வளையங்கள். இவற்றை உடைக்க 800 டிகிரியை ஒட்டிய வெப்பமும் நீராவியும் வேண்டும். அந்தச் சூழலில் உலோகம் ஏற்றிய நானோகுழாய் தாருக்கு முன்பாகவே தான் வாயுவாகிப் போய்விடும். அலுமினாவின் மேல் நிக்கல் வைத்த வினையூக்கி தாரை நன்றாக உடைக்கும். ஆனால் தார் மிகுந்த வாயு நேரே அதன் மேல் போனால் கரி மூடிச் சில நாட்களில் படுத்துவிடும். அதனால்தான் முன்னால் டாலமைட் போன்ற மலிவான கல்லை வைத்துத் தாரின் பெரும்பகுதியை அதில் உடைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் நிக்கலிடம் அனுப்புவார்கள்.

உங்கள் அளவிலான கலனுக்கு அதுகூடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இன்ஜினுக்குப் போகும் வாயுவில் கனமீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே தார் இருந்தால் போதும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முதலில் உமியின் ஈரத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் வெளியே குவித்து வைத்த உமியைப் போட்டால் கலனின் வெப்பம் இறங்கித் தார் உடையாமலேயே வெளியே வரும். தீப்பகுதியின் வெப்பம் குறையாமல் ஒரே சீராகக் காற்று போகிறதா என்று அடுத்துப் பாருங்கள். கழுவும் தொட்டியின் நீரில் பினாலும் நாப்தலீனும் இருக்கும் என்பதால் அதை எக்காரணம் கொண்டும் பக்கத்து வாய்க்காலில் திறந்துவிட வேண்டாம்.

இதற்குமேல் ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால், தேங்காய் ஓட்டுக் கரியை ஒரு தனித் தொட்டியில் நிரப்பி, ஆறிய வாயுவை அதன் வழியே விடுங்கள். வளையங்கள் கரியின் மேல் ஒட்டிக்கொள்ளும் குணத்தைத் திருவாரூர் மாணவிக்கு எழுதியிருக்கிறேன். அவருக்குத் தொல்லையான அதே குணம் உங்களுக்கு வடிகட்டியாகும். தார் ஏறி அந்தக் கரி பயனற்றுப் போனதும் அதை எடுத்துக் கலனிலேயே உமியோடு சேர்த்துப் போட்டுவிடலாம்.